பூப் போட்ட அளவுகள்

மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினெட்டு வயது. என் கல்யாணப் பேச்சைக்கூட வீட்டில் யாரும் எடுக்கவில்லை. இருந்தாலும் நீ வளர்ந்து, வேலைக்குப் போகிற வயதில், ஒரு கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இதைப் படிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். பிள்ளைக்குப் புத்தி சொல்கிற தாய்மார் தலை நரைத்த பிறகுதான் எழுதுவார்கள். என்னால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது. நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதை உன் அம்மம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்கு ஆட்களிடம் பேச வராது. கடையில் மிச்சப் பணம் குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள் நான். இன்னும் பிறக்காத ஒருத்தியிடம்தான் என்னால் இவ்வளவு பேச முடியும்.

போனில் எழுதாமல் கொப்பியில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இன்றைக்குப் போனில் நான் எதை எழுதி வைத்தாலும், உன் காலத்துப் போன் அதைத் திறக்காது. அப்படி ஒன்று திறக்காமல் போனதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. இந்தக் கொப்பி நனைந்தாலும் காயவைத்துப் படிக்கலாம். எலி கடித்தாலும் மிச்சம் இருக்கும். இதைத் திறக்க நீ யாருடைய அனுமதியும் கேட்க வேண்டாம்.

நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், எனக்குத் தொண்டையில் சத்தம் வராது. பின் வாங்குப் பலகையிலிருந்து யாராவது சிரிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்தேன். அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. மகியாவையில் எங்கள் வீட்டிலிருந்து கண்டி டவுனுக்கு நடந்தே போகலாம். மாநகர சபையில் வேலை செய்யும் அப்பா, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருந்த ஒரு தையல் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார். கடைக்காரர் சுமதி அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் அக்கா என்றே கூப்பிட வேண்டும், ஆன்ட்டி என்றால் முகம் மாறிவிடும். "இந்தப் பிள்ள பேச மாட்டாளாம், வேலை மட்டும் செய்வாளாம். எனக்கு அப்படித்தான் வேணும்" என்று முதல் நாளே அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிவிடுவேன்.

பிளவுஸ் வெட்டுவதில் கஷ்டம் கணக்குத்தான். மார்பு அளவை நாலால் பிரி, கைக்குழிக்கு ஆறால் பிரி, அரையைச் சேர், காலைக் கழி. கணக்குப் பாடத்தில் நான் இருபது புள்ளி தாண்டியதில்லை. அப்பாவின் பழைய போன் அப்போது என்னிடம் இருந்தது. அதில் ஒருநாள் தேடித் தேடி ஒரு ஆப்பைக் கண்டுபிடித்தேன். சின்னக் கத்தரிக்கோல் படம் போட்டது. எந்த ஊர்க்காரர் செய்தாரோ, விளம்பரம்கூட வராது. ஆளின் பெயரைப் போட்டுப் பன்னிரண்டு அளவுகளைக் கொடுத்தால், முன்பக்கம், முதுகு, கை என்று மூன்று படங்களைக் கோடு போட்டுக் காட்டும். ஒவ்வொரு கோட்டின் மேலும் நீளம் எழுதியிருக்கும். அதைப் பார்த்து நியூஸ் பேப்பரில் வரைந்து வெட்டுவேன். இரண்டு வருஷத்தில் அதில் அறுபத்தொரு பெண்கள் இருந்தார்கள். வெறும் அளவு மட்டுமல்ல. யாருக்கு இடது தோள் இறங்கியிருக்கும், யாருக்குக் குழந்தைக்குப் பால் கொடுக்க முன்கொக்கி வேண்டும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு யாருக்கு ஒரு பக்கம் உள்ளே பஞ்சு வைக்க வேண்டும், எல்லாம் இருந்தது. நான் வாய் திறக்க மாட்டேன் என்பதால்தான் என்னிடம் சொன்னார்கள்.

இப்போது ஒரு ரகசியம். அளவெடுத்து முடிந்ததும் பெண்கள் போனை எட்டிப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் ஒரு டீச்சரம்மா "காட்டு பாப்போம்" என்று வாங்கிப் பார்த்தார். நாற்பத்திரண்டு என்று இருந்தது. அவருடைய முகம் ஊசி குத்தின பலூன் மாதிரி ஆகிவிட்டது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அன்றையிலிருந்து நான் திரையில் குறைத்துத்தான் போடுவேன். நாற்பத்திரண்டு இருந்தால் நாற்பது. பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பூப் போட்டுவைப்பேன். இரண்டு பூ என்றால் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும் என்று அர்த்தம். வெட்டுகிற நேரம் நானே சரியான அளவைப் போட்டுப் படத்தை எடுத்துவிட்டு, பழையபடி குறைத்துவைப்பேன். "ஒன்கிட்ட அளவு குடுத்தா ஒடம்பு எளைச்ச மாதிரி இருக்குதுடி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பிளவுஸும் அப்படியே உட்காரும். அறுபத்தொரு பேரில் பூ இல்லாதவர்கள் எட்டுப் பேர்தான். சுமதி அக்காவுக்கே நாலு பூ. அவர் அதைப் பார்த்து, "என்னாடி, எல்லாருக்கும் பூ வச்சு வெளையாடுறியா? கடையா இது, நர்சரியா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தனக்கு நாலு பூ இருந்ததில் அவருக்குச் சந்தோஷம் வேறு.

என் முதல் தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். கடைசி ஒரு வருஷமாக அந்த ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் இங்கிலீஷில் ஒரு பெட்டி வரும். கீழே ஓகே என்று இருக்கும். அழுத்தினால் போய்விடும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும், அர்த்தம் வராது. ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். கடையில் இங்கிலீஷ் தெரிந்த பெண்கள் தினமும் வந்தார்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டேன். ஒரு வருஷம், ஒவ்வொரு நாளும், எத்தனை தடவை ஓகே, ஓகே என்று அழுத்தியிருப்பேன்! மகளே, உனக்கு விளங்காத எதற்கும் ஓகே சொல்லாதே. கேட்டால் வெட்கம் ஒரு நிமிஷம் இருக்கும். கேட்காததற்கு நான் பட்டதை இனிப் படிப்பாய்.

அந்தப் பெட்டியை ஒருநாள் சுமதி அக்கா பார்த்தார். என் தோளுக்கு மேலால் குனிந்து முழுவதும் வாசித்தார். அவர் அந்தக் காலத்தில் ஏ.எல். படித்தவர், இங்கிலீஷ் நன்றாக வரும். "என்னாது அக்கா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் நானாகக் கேட்ட சில கேள்விகளில் அது ஒன்று. "ஒண்ணுமில்ல. அழுத்து" என்றார். அழுத்தினேன்.

அந்த நாட்களில்தான் அம்மா எனக்கு ஒரு பழைய மெஷின் வாங்கித் தரப் புசல்லாவையில் இருக்கும் மாமாவிடம் சொல்லிவைத்திருந்தார். அது கடைக்குத் தெரிந்துவிட்டது. கண்டியில் ஒரு விஷயம் மலை ஏற எவ்வளவு நேரமாகும்? அதோடு, வருகிற பெண்கள் "அந்தப் பேசாத பிள்ள இருக்காளா? அவளே வெட்டட்டும்" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பௌர்ணமி லீவான ஒரு போயாவுக்கு முந்தின நாள், கடையைப் பூட்டப் போகிற நேரம், சுமதி அக்கா கையை நீட்டினார். "ஒன் போனத் தா பிள்ள. சும்மா சும்மா அந்தப் பெட்டி வருதே, வைரஸ் வந்துரும். நாளைக்கி எங்க வீட்டு வைஃபையில அப்டேட் பண்ணித் தாறேன். ஒங்க அப்பா எங்க டேட்டா போடப் போறார்?" நான் நன்றி சொன்னேன். மகளே, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

போயாவுக்கு மறுநாள் போன் திரும்பி வந்தது. கடிகாரம் பெரிதாகத் தெரிந்தது. சின்னப் படங்கள் எல்லாம் வட்டமாக மாறியிருந்தன. கத்தரிக்கோல் படம் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அழுத்தினேன். திரை ஒரு தரம் வெளுத்து மூடிக்கொண்டது. இன்னொரு தரம் அழுத்தினேன். மூடிக்கொண்டது. சுமதி அக்கா மேசை லாச்சியை இழுத்து, கெட்டி அட்டை போட்ட ஒரு புதுச் சி.ஆர். கொப்பியை எடுத்து வைத்தார். "பயப்படாத. அது பழசாப் போச்சு, இனி வராது. நான் அப்டேட் போட முந்தி எல்லாத்தையும் இதுல எழுதி எடுத்துட்டேன். ஒரு நாள் முழுக்க எழுதினேன் தெரியுமா? அந்தப் பூவை மட்டும் எழுதல." கடையில் வேலை செய்த மற்ற இரண்டு பிள்ளைகளும் "அக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு" என்றார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆப் வராமல் போகும் என்று தெரியாதவர் எதற்கு முதலே உட்கார்ந்து எழுத வேண்டும்?

சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே போன் திருத்தும் கடைக்கு ஓடினேன். மடவளையிலிருந்து வந்து கடை போட்டிருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன். போனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது மௌத்தாப் போச்சு தங்கச்சி. செஞ்சவரே கைவிட்ட ஆப்பு. பழைய போன்ல ஓடிக்கிட்டிருந்திச்சி. புது சிஸ்டம் இத உள்ளுக்கு எடுக்காது." பழையபடி ஆக்க முடியாதா என்று கேட்டேன். "ஆக்கலாம். ஆனா உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். அப்புறம் அந்த ஆப்ப எங்க தேடுற? இப்ப அது எங்கயும் இல்ல." என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஏன் அப்டேட் போட்டீங்க? பழைய ஆப், கவனம்னு ஒரு பெட்டி வந்திருக்குமே, வாசிக்கலயா?" என்றார். வாசித்தவர் யார் என்று நான் சொல்லவில்லை. அந்த அண்ணன் காசு வாங்கவில்லை. நான் மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் அழாமல் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அடுத்த வாரம் மாத்தளையிலிருந்து துணி வெட்டும் மாஸ்டர் ஒருவர் வந்தார். காதில் பென்சில், கணக்கெல்லாம் மனதில். கொப்பியைப் பார்த்து அளவை உரக்கச் சொல்லிக்கொண்டே வெட்டுவார். என்னைக் கொக்கி வைக்கவும் ஓரம் மடிக்கவும் குப்பை கூட்டவும் விட்டார்கள். "நீ சின்னப் பிள்ள. கொஞ்ச நாள் பழகு" என்றார் சுமதி அக்கா. இரண்டு வருஷம் அறுபத்தொரு பேருக்கு வெட்டியவளைப் பார்த்துப் பழகு என்றார். நான் கொக்கி தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "சரோஜாம்மா, முப்பத்தெட்டு." இல்லை, நாற்பத்தொன்று. "கிளார்க் மிஸ், முப்பத்தாறு." இல்லை, முப்பத்தெட்டு. கத்தரி ஒவ்வொரு தரம் துணியில் ஓடும்போதும் என் வாயில் சரியான எண் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேச வராதவள் என்றுதானே எல்லாருக்கும் தெரியும்? அதுவரைக்கும் என் வெட்கம் எனக்கு எதிரியாக இருந்தது. அந்த வாரம் அது முதல் தடவையாக என் பக்கம் வந்து உட்கார்ந்தது. மகளே, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இனித்தது.

மாஸ்டர் வந்த அந்த வாரமே ஒரு கல்யாணத் துணியும் மேசைக்கு வந்தது. சுமதி அக்காவின் மகள் தர்ஷினி அக்காவின் கல்யாணம். கொழும்பில் வேலை செய்கிறவர். பொங்கலுக்கு வந்தபோது நான்தான் அளவெடுத்தேன். திரைக்குப் பின்னால் நின்று என் காதில் சொன்னார்: "அம்மா கேட்டா முப்பத்திநாலுன்னு சொல்லு தங்கச்சி. உண்மையச் சொன்னா கல்யாணம் முடியிறவரைக்கும் எனக்குச் சோறே போட மாட்டாங்க." முப்பத்தேழு இருந்தது. மூன்று பூப் போட்டேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கடையில் இருந்த ஒரே சிநேகிதி அவர்தான், அதுவும் வருஷத்துக்கு மூன்று நாள்.

கூறைச் சேலையோடு தனித் துண்டாக வந்த அந்த அரக்குச் சிவப்புப் பட்டை மாஸ்டர் விரித்து "முப்பத்திநாலு" என்றார். "பாத்தீங்களா மாஸ்டர், பிள்ள நல்லா எளைச்சிட்டா" என்று சுமதி அக்கா பூரித்தார். நான் உள்ளே ஒன்றரை அங்குலத் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பேன், பிறகு பிரித்து விரிக்கலாம். மாஸ்டருக்கு அது பிடிக்காது. ஒட்ட வெட்டுவார். வெட்டி முடிந்ததும் என்னைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன். ஒரு கையளவு நீளத் துண்டு மேசைக் காலடியில் கிடந்தது. மற்றதெல்லாம் குப்பைப் பையில் போனது. அந்தத் துண்டை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தர்ஷினி அக்காவுக்கு அது தேவைப்படும் என்று எனக்கு அப்போதே தெரியும். நல்ல எண்ணத்தில்தான் எடுத்தேன். இதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப் போவது நல்லதல்ல.

இரண்டாவது வாரம் பிளவுஸ்கள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் சரோஜாம்மா. "என்னா சுமதி, எனக்குத் தச்சியா, என் பேத்திக்குத் தச்சியா?" என்று மேசையில் வீசினார். கிளார்க் மிஸ் கந்தோரில் கையைத் தூக்கியபோது அக்குளில் கிழிந்ததாம், அன்றைக்கு முழுக்கக் கையைத் தூக்காமலே கோப்பு எடுத்துக் கொடுத்தாராம். நாலு நாளில் பதினொன்று வந்தது. மாஸ்டர் கொப்பியைத் தட்டி, "எழுதியிருக்கிறதத்தான் வெட்டினேன் மேடம்" என்றார். சுமதி அக்கா கடை நிறையச் சனம் இருக்கும்போது என் பக்கம் திரும்பினார். "என்னாடி போட்டு வச்ச? வாயத் தொற. ஊமைக் கோட்டான்! பள்ளிக்கூடத்துல வெரட்டின கழுதைய வச்சுச் சோறு போட்டேன் பாரு!" என்னை யாரும் விரட்டவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்றது மாதிரியே இருந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் கொக்கி டப்பாவை மூடிவைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை.

அந்தக் கிழமை மாமா மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். நான் என் சொந்த பிளவுஸ்களைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் அளந்து, எதை எதால் பிரித்தால் எது வரும் என்று அம்மாவின் கால்குலேட்டரில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஆப் செய்த கணக்கை நான் கையால் திருடினேன் என்று வைத்துக்கொள். பாதிக்கு மேல் தப்புத் தப்பாகச் செய்துதான் பிடித்தேன். அரக்குத் துண்டு மெஷின் லாச்சிக்குள் இருந்தது. தர்ஷினி அக்காவுக்குச் செய்தி அனுப்பலாமா என்று இரண்டு தரம் போனை எடுத்தேன். எடுத்தபோதெல்லாம் அந்தச் சாம்பல் நிறக் கத்தரிக்கோல்தான் கண்ணில் பட்டது. போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுமதி அக்கா இறங்கினார். ஒரு கையில் பிளவுஸ், மறு கையில் கூறைச் சேலைப் பெட்டி. கொழும்பிலிருந்து அதற்கு முதல் நாள்தான் வந்த தர்ஷினி அக்கா அன்றைக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கிறார். முன்பக்கக் கொக்கிகள் சேராமல் மூன்று விரலுக்கு மேல் இடைவெளி. மாஸ்டர் சண்டை பிடித்துக்கொண்டு மாத்தளைக்குப் போய்விட்டார், கடையில் வேறு யாருக்கும் அந்தப் பட்டில் கை வைக்கத் துணிவில்லை. பெண்ணுக்கு நலங்கு வைத்தாயிற்று, வெளியில் வர முடியாது.

அவர் வருந்தி வந்திருந்தால் கதை வேறு. வாசல்படியில் நின்றபடியே அம்மாவிடம், "ஒங்க மக என் பிள்ளையோட வாழ்க்கையில வெளையாடிட்டா. பொய் அளவு போட்டு வச்சு என் கடையையே நாசமாக்கிட்டா. கேளுங்க, கேளுங்க அவகிட்ட!" என்றார். அம்மா ஈரக் கையோடு என்னைப் பார்த்தார். "என்னா பிள்ள இது?"

"தர்ஷினிக்கு முப்பத்திநாலுன்னு ஏன்டி போட்ட?" என்று சுமதி அக்கா கத்தினார்.

மகள் சொல்லச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை போதும். அவர் வாய் அடைத்திருக்கும். ஆனால் நாளைக்குக் கல்யாணம் ஆகிற பெண்ணை அவளுடைய தாயிடம் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். அந்தப் பழியை நானே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா!" என்றார் அவர். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து கல்லானது. நான் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பிளவுஸின் பக்கத் தையல்களைப் பிரித்தேன். உள்ளே விரிக்க ஒரு நூல் துணிகூட இல்லை.

"ரெண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் ஒட்டுப் போடணும்" என்றேன். "அதே துணி வேணும்."

"அதுக்கு எங்க போறது? மிச்சத்தையெல்லாம் நீதானே கூட்டி எறிஞ்ச?"

என் முழங்கால் மெஷின் லாச்சியில் இடித்துக்கொண்டிருந்தது. அதைத் திறந்தால் துண்டு. கையளவு நீளம், இரண்டு பக்கத்துக்கும் தாராளமாகப் போதும். தர்ஷினி அக்காவுக்காக நான் எடுத்துவைத்தது.

"சேலையில உள்ள செருகுற பக்கம் இருக்குதுதானே" என்றேன். "அதுல வெட்டலாம்."

சுமதி அக்கா சேலைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தாலி ஏறுவதற்கு முன்னால் கூறையில் கத்தரி படக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் உயிர் மாதிரி. கடையிலேயே எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு அதைச் சொல்லி, ஓரம் அடிக்கக்கூட விடாமல் அனுப்பியிருக்கிறார். "கோயில்ல வச்சுக் கும்பிட்ட சேலடி இது" என்றார். சத்தம் இறங்கியிருந்தது.

"வேற வழி இல்லியா பிள்ள?" என்று அம்மா கேட்டார். அம்மாவின் கண்ணைப் பார்த்தே சொன்னேன்: "இல்லம்மா."

சுமதி அக்கா பெட்டியைத் திறந்தார். சேலையின் நுனியை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னேன், இழுத்துப் பிடிக்காவிட்டால் கோணலாகப் போகும் என்றேன். பிடித்தார். "பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பட்டில் கத்தரி போகிற சத்தம் உனக்குத் தெரியுமா? உலர்ந்த இலையை மெல்லக் கிழிப்பது மாதிரி இருக்கும். நான் அவசரப்படவில்லை. ஒரே வெட்டில் முடிக்கக்கூடியதை எட்டு வெட்டில் முடித்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். அறுபத்தொரு பெயர்களையும் நான் மனதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். கையைத் தூக்கினாலும் தெரியாத மாதிரி, நான் அதுவரை தைத்ததிலேயே நல்ல தையல் அதுதான். கொடுக்கும்போது, "முப்பத்தேழுன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா, பிள்ள வருத்தப்படுவாங்க" என்றேன். நான் அவரிடம் பேசிய மிக நீளமான வசனம் அது. அவர் பிளவுஸையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் தர்ஷினி அக்கா போட்டோ அனுப்பி, "தேங்க்ஸ்டி, மூச்சு விட முடிஞ்சிச்சு" என்று எழுதியிருந்தார். அழகாக இருந்தார். சுமதி அக்காவுக்குத்தான் மூச்சு விட முடியவில்லை. மருமகனுக்குக் காய்ச்சல் வந்தாலும், புது வீட்டில் பல்ப் வெடித்தாலும், "அந்த வெட்டு, அந்த வெட்டு" என்று கோயிலுக்கு ஓடுகிறாராம். கடைக்குப் போகிற பெண்கள் வந்து சொல்கிறார்கள். கடைக்குப் போகிறவர்களும் இப்போது குறைவு. பிளவுஸ் கிழிந்தவர்கள் ஒவ்வொருவராக மகியாவைக்கு வழி கேட்டு வந்தார்கள். சரோஜாம்மா மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறி வந்து, "எங்கடி எனக்கு முப்பத்தெட்டு?" என்று கேட்டார். அளந்தேன். கொப்பியில் நாற்பத்தொன்று என்று எழுதி மூடிவிட்டு, "முப்பத்தெட்டுத்தான் அம்மா" என்றேன். கன்னத்தைக் கிள்ளினார். நாற்பத்து நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுடைய உண்மை எல்லாம் கடதாசியில் இருக்கிறது. எந்த அப்டேட்டும் அதைத் தொட முடியாது.

ஒரு வார்த்தையில் நான் சுமதி அக்காவின் பயத்தைத் தீர்க்கலாம் என்று நீ நினைப்பாய். தீர்க்க முடியாது. துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால், வெட்டத் தேவையே இல்லாத சேலையை வெட்டினோம் என்று தெரிந்து இன்னும் பயப்படுவார். அதைத் தெரிந்துகொண்டே சில நாட்களில் காட்டலாமா என்று ஆசைப்படுகிறேன். காட்டவில்லை. அதைக் கருணை என்று எடுத்துக்கொள்ளாதே. சேமிப்பு.

நல்ல தாயாக இருந்தால் இந்த இடத்தில் மன்னிக்கக் கற்றுக்கொள் என்று எழுத வேண்டும். எனக்கு அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். போனைக் கேட்கிறவரின் கையைப் பார்க்காதே, கண்ணைப் பார். துணியில் எப்போதும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தை. யாரையாவது பழிவாங்கத் தோன்றினால் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார். தர்ஷினி அக்கா நடுவில் நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் கெட்டித்தனமல்ல. அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. அவரிடம் ஒருநாள் சொல்வேன். அவருடைய அம்மாவிடம் மாட்டேன்.

அரக்குத் துண்டைக் கடைசிப் பக்கத்தில் ஊசி குத்தி வைத்திருக்கிறேன். நிறம் மங்கினாலும் எறியாதே. என்றாவது அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி கல்யாண பிளவுஸ் தைக்க உன்னிடம் வந்தால் ஒழுங்காக அளந்து தை, பேரழகாகத் தை. துண்டை மட்டும் கொடுத்துவிடாதே.

வாசிக்கிறவர் முகம் வாடாதபடி குறைத்துப் போடுவது என் பழக்கம். என் கோபத்தையும் இதில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து வைக்கிற இடத்தில் நாலு பூ வரைந்திருக்கிறேன். சேர்த்துக்கொள்.